பத்து முப்பத்தொன்று முதல் பத்து நாற்பத்திரண்டு வரை

என் சித்தி இருபத்தாறு வருடம் ஒரு மருத்துவமனையில் எண்களைக் கூப்பிட்டாள். வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில், மருத்துவர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு சின்ன மேசையும் ஒரு மர நாற்காலியும் இருந்தன. வருகிறவர்களுக்கு எண் எழுதிய சீட்டைக் கொடுப்பாள். முறை வந்ததும் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புவாள். அங்கே யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மருத்துவர் முதல் கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா.

ஒரு எண்ணை அவள் இரண்டாவது முறை கூப்பிடுவதில்லை. யாரும் எழுந்திருக்கவில்லை என்றால் நாற்காலியை விட்டு எழுந்து, வரிசை வரிசையாக நடந்து, தூங்குகிறவர்களின் சீட்டைப் பார்த்து, அந்த எண் உடையவரின் தோளைத் தொடுவாள். "தூங்கறவங்களுக்கு நம்பர் காதுல விழாதுடி. தோள்லதான் விழணும்" என்று எனக்கு விளக்கம் சொன்னாள். வீட்டிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. சமையல் முடிந்ததும் அடுப்படியிலிருந்து "அடுத்து!" என்று குரல் வரும். நான் போகாவிட்டால் கரண்டியோடு வந்து தோளில் ஒரு தட்டு.

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கையில் ஒரு பையும் ஒரு மடிக்கணினியுமாக நான் அவள் வீட்டில் வந்து இறங்கினேன். இரண்டு வாரம் இருந்துவிட்டுக் கிளம்புவதாகத்தான் எண்ணம். சித்தப்பா போய் ஆறு வருடமாகத் தனியாக இருந்தவளுக்கு என் வரவு சந்தோஷம். ஆனாலும் அதை வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அவள் சித்தியே இல்லை.

"உலகம் பூரா பாத்துட்டு வந்தவளுக்கு இந்த வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு தெரியல" என்பாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் என்னை அறிமுகம் செய்தபோது, "அக்கா பொண்ணு. வேலைன்னு ஒண்ணும் இல்ல. ஊர் ஊரா நடக்கும்" என்றாள்.

நான் வந்த மாதம்தான் மருத்துவமனைக் கூடத்தில் ஒரு மின்பலகையை மாட்டினார்கள். மணி ஒலிக்கும், சிவப்பில் எண் வரும், அவ்வளவுதான். மேற்பார்வையாளர் சித்தியைக் கூப்பிட்டு இரண்டு மாதத்தில் அவள் மேசையை எடுத்துவிடப்போவதாகச் சொன்னார். வேலை போகாது. வாசலில் புதிதாக ஒரு உதவி மேசை போடுகிறார்கள், அதற்கு ஆள் வேண்டும். ஆனால் அதில் உட்காருகிறவர் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல், மக்களைப் பற்றி ஏதாவது ஒரு பாடம் படித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது. இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் பழைய கோப்பு அறை.

"கோப்பு அறையில ஜன்னல் கூட கிடையாது" என்றாள் சித்தி. "அங்க யாரு வருவா, எலி வரும். எலிக்கு டோக்கன் குடுத்துக்கிட்டு உக்காரணும்."

நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். சமூகவியல் அறிமுகம், எட்டு வாரம், இணைய வழி, தமிழிலேயே பாடம். பள்ளியை விட்டு முப்பத்தைந்து வருடம் ஆனவள், பதிவு செய்த அன்றே ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு பேனாவும் வாங்கி வந்துவிட்டாள். வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவி, தலை வாரி, நல்ல துணி மாற்றிக்கொண்டு சமையலறை மேசைக்கு வருவாள். திரையில் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து ஆசிரியர் பேசுவார். பெரிய கண்ணாடி போட்டவர். கண்ணாடி சார் என்று முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள்.

"பதிவு பண்ண வீடியோ சித்தி. அவருக்கு நீ என்ன உடுத்தியிருக்கேன்னா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல?"

அவர் கேள்வி கேட்டால் பதில் சொல்வாள். சில நேரம் சண்டையும் போடுவாள். பொது இடத்தில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் உற்றுப் பார்க்காமல் இருப்பது ஒருவகை மரியாதை என்று அவர் நான்காம் வாரம் சொன்னபோது படத்தை நிறுத்தச் சொன்னாள். "இவரை என் நாற்காலியில ஒரு நாள் உக்கார வைக்கணும். அது மரியாதை இல்லடி, பயம். பக்கத்துல இருக்கறவன் கஷ்டம் நம்ம மேல ஒட்டிக்கும்னு பயம்." அதை அப்படியே நோட்டில் எழுதியும் வைத்தாள். இவ்வளவு புத்தியுள்ளவள் இத்தனை வருடம் வெறும் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாளே என்று எனக்குத் தோன்றியது. அவள் சொன்னது வெறும் எண் இல்லை என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஆறாம் வாரம் ஒரு களப்பணி வந்தது. மக்கள் கூடும் ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நடப்பதை நேரத்தோடு குறித்து, அறிக்கையாக அனுப்ப வேண்டும். தலையிடக் கூடாது. பழகிய இடத்தைப் புதிய இடம் போலப் பார்க்க வேண்டும். இதை அனுப்பாவிட்டால் சான்றிதழ் இல்லை.

முதல் தடவை பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது நோட்டில் நான்கே வரிதான் இருந்தது. மீதி நேரமெல்லாம் ஒருத்தியின் குழந்தையை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு கிழவருக்குப் பேருந்து எண் படித்துச் சொல்லியிருக்கிறாள். சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு கணவன் மனைவியிடம் இருவர் பக்கமும் நியாயம் கேட்டிருக்கிறாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன். "சித்தி, இதுக்குப் பேரு பாக்கறது இல்ல, பஞ்சாயத்து. யாருக்கு என்ன ஆனாலும் ஆகட்டும்னு ஒரு மணி நேரம் கையையும் வாயையும் கட்டிக்கிட்டு உக்காரு. உனக்கு வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும்" என்றாள். அதட்டினால் அடங்குகிறவள் இல்லை. அன்று அடங்கினாள்.

அடுத்த வாரம் மின்பலகையைச் சோதனைக்காக ஓட விட்டார்கள். அந்த வாரம் அவளுக்கு ஒரு நாள் விடுப்பு கொடுத்தார்கள். அந்த நாளில் தன் கூடத்துக்கே போய், நோயாளி போல, பக்கவாட்டில் மற்ற வரிசைகளைப் பார்த்தபடி போட்ட கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதப்போவதாகச் சொன்னாள். "கண்ணாடி சார் சொன்னாரே, பழகின இடத்தைப் புதுசா பாருன்னு. அந்தக் கூடத்தை நான் நாற்காலியில இருந்துதான் பாத்திருக்கேன். அந்தப் பக்கத்துல இருந்து பாத்ததே இல்ல." எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்தது. நல்ல மதிப்பெண் வரும் என்று சொன்னேன்.

அன்று மதியத்துக்கு முன்பே திரும்பி வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, நோட்டை மேசை மேல் வைத்துவிட்டு, குழாயைத் திறந்து வெகுநேரம் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். "படி" என்றாள்.

எடுத்துப் படித்தேன். சித்தியின் கையெழுத்து உருண்டையாக, சீட்டில் எண் எழுதுவது போலத் தெளிவாக இருக்கும்.

பத்து முப்பத்தொன்று: மூன்றாம் வரிசை ஓரத்தில் உள்ள முதியவரிடம் மகள் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போகிறாள். கழுத்தில் தையல் நாடா தொங்குகிறது. முதியவர் எண் 41.

முப்பத்து மூன்று: முதியவர் வாசலைப் பார்க்கிறார்.

முப்பத்து நான்கு: அவர் வலது கை மடியிலிருந்து நழுவுகிறது. இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார்.

முப்பத்தைந்து: மறுபடி நழுவுகிறது. எடுக்கவில்லை.

முப்பத்தாறு: சீட்டு கீழே விழுகிறது. பக்கத்தில் இருப்பவள் அதைப் பார்க்கிறாள். தன் பையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்கிறாள்.

முப்பத்தெட்டு: தலை சுவரில் சாய்கிறது. வாய் ஒரு பக்கம்.

நாற்பது: மணி. பலகையில் 41. யாரும் எழவில்லை.

நாற்பத்தொன்று: மணி. 42. ஓர் அம்மாள் எழுந்து போகிறார்.

நாற்பத்திரண்டு: மகள் வருகிறாள்.

அதோடு நின்றிருந்தது. நான் நிமிர்ந்தபோது சித்தி குழாயை மூடிவிட்டு எனக்கு முதுகைக் காட்டியபடியே நின்றாள்.

"பக்கவாதம். உள்ள கொண்டு போயிருக்காங்க. மகள் கத்தினதுக்கு அப்புறம்தான் நான் எழுந்திரிச்சேன்."

"தூங்கறாருன்னு நினைச்சிருப்பே சித்தி. யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்." திரும்பி என்னைப் பார்த்தாள். "தூங்கறவங்க கை அப்படி விழாது. இருபத்தாறு வருஷம் பாத்திருக்கேன். மொதல்ல விழுந்தப்பவே கால் துடிச்சுது. கையையும் வாயையும் கட்டிக்கிட்டு உக்காருன்னு நீ சொன்னது ஞாபகம் வந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம்தானே, எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்."

அவள் அதைக் குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள். அதற்குப் பதிலாக என்னைத் திட்டியிருக்கலாம்.

முதியவர் இரண்டு நாள் கழித்து இறந்துபோனார். சித்தி மருத்துவரிடம் போய், முன்கூட்டிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டிருக்கிறாள். யாருக்காகக் கேட்கிறாள் என்று தெரியாமல் மருத்துவர் பொதுவாகப் பதில் சொல்லியிருக்கிறார். சொல்ல முடியாது, சிலருக்கு ஆறேழு நிமிடம் பெரிய வித்தியாசம், சிலருக்கு ஒன்றுமே இல்லை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவளால் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

பத்து நாள் கழித்து மகள் மருத்துவமனைக்கு வந்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் தையற்காரி. கூடத்தில் கேமரா இருக்கிறதா, அன்றைய பதிவைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். கேமரா வாசலையும் மேசையையும்தான் பார்க்கும், பதிவும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். அவள் போகவில்லை. மூன்றாம் வரிசையில் அதே நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். சித்தியின் மேசையை எடுக்க இன்னும் சில நாள் இருந்தது. எழுந்து போய் என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"எங்கண்ணன் என்னோட பேசறதில்ல. அப்பாவை அரை மணி நேரம் தனியா விட்டுட்டு எங்கேயோ போய் போன் பேசிக்கிட்டு நின்னேன்னு எல்லார்கிட்டயும் சொல்றான். பழைய மருந்துச் சீட்டை வண்டியில விட்டுட்டேன், எடுக்கத்தான் போனேன். வண்டி தூரத்துல நின்னுது. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்கே தெரியல இப்போ. யோசிக்க யோசிக்க அரை மணியோன்னு தோணுது."

அன்று மாலை சித்தி இதை என்னிடம் சொன்னபோது, எங்கள் இருவருக்கும் நடுவில் மேசை மேல் அந்த நோட்டு இருந்தது. களப்பணியை அனுப்ப ஐந்து நாள்தான் பாக்கி.

நான் பதறினேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு இடத்தில் வேறு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுதலாம் என்றேன். அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்கு நேரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி, பெயர் போடாமல் தபாலில் அனுப்பலாம் என்றேன்.

"அவ அண்ணன் கேக்க மாட்டானா, யாரு பாத்ததுன்னு? யாரோ எழுதின மொட்டைத் தாளை எவன் நம்புவான்?"

"நோட்டைக் குடுத்தா நீ மாட்டிக்குவே. உதவி மேசையும் போயிடும்."

"பதினோரு நிமிஷம்டி. அந்தப் பொண்ணு அரை மணின்னு நினைச்சுக்கிட்டே சாகற வரைக்கும் இருக்கப்போறா. பதினோரு நிமிஷம்னு தெரிஞ்ச ஆள் உலகத்துல நான் ஒருத்திதான்."

அதற்கு மேல் நான் தடுக்கவில்லை. 

மறுநாள் நானும் கூடப் போனேன். சித்தி வேண்டாம் என்றாள்; போனேன். பலகை மணி அடித்து எண் மாற்றிக்கொண்டிருந்தது. மூன்றாம் வரிசையில் தையற்காரிக்குப் பக்கத்தில் சித்தி உட்கார்ந்தாள். நான் பின் வரிசையில், பேச்சு கேட்கும் தூரத்தில் இருந்தேன்.

"அம்மா, இதை உனக்குப் படிக்கத் தரேன். படிச்சுட்டு என்னை என்ன வேணும்னாலும் சொல்லு" என்றாள் சித்தி.

அவள் படித்தாள். கையில் ஊசி குத்தின தழும்புகள். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனாள். கடைசி வரிக்கு வந்ததும் முதல் வரிக்குத் திரும்பினாள். உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறாள்.

"பதினொண்ணு" என்றாள்.

"பதினொண்ணு."

"யாரு எழுதினது?"

"நான்தான். அங்க, கடைசி வரிசையில உக்காந்திருந்தேன். பாடத்துக்காக."

 பலகை இரண்டு எண் மாறியது.

"அப்பா சீட்டு கீழ விழுந்ததைக் கூடப் பாத்திருக்கீங்க."

"பாத்தேன்."

"நாப்பத்தொண்ணு வந்தப்போ நீங்க அந்த மேசையில இருந்திருந்தா?"

"எழுந்து வந்து தோளைத் தொட்டிருப்பேன்" என்றாள் சித்தி. 

தையற்காரி நோட்டை மூடினாள். திருப்பிக் கொடுக்கவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனாள். வாசல் வரை போய், ஒரு கணம் நின்று, திரும்பிப் பார்க்காமலே வெளியே போனாள். சித்தி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்பு கேட்கவே மறந்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தபின் சொன்னாள்.

ஒரு வாரம் கழித்து அண்ணன்காரன் நோட்டோடு மேற்பார்வையாளரிடம் வந்தான். சித்தியை உள்ளே கூப்பிட்டு விசாரித்தார்கள். விடுப்பில் இருந்தவள், சட்டப்படி அவள் மேல் தப்பில்லை என்று ஒருவர் சொன்னாராம். இன்னொருவர், உதவி மேசையில் உதவாமல் பார்த்துக்கொண்டிருந்தவளையா உட்கார வைப்பது என்று கேட்டாராம். "ரெண்டாவது ஆள் சொன்னதுதான் சரி" என்றாள் சித்தி என்னிடம். சான்றிதழ் கேள்வியே எழவில்லை. களப்பணியின் கடைசி நாள் அதற்குள் கடந்துபோயிருந்தது.

தையற்காரி ஒரே ஒரு முறை தொலைபேசியில் பேசினாள். நான்தான் எடுத்தேன். சித்தியிடம் கொடுத்தேன். சித்தி கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு என்னிடம் சொன்னாள்: "பதினோரு நிமிஷம்தான்னு அண்ணன் ஒத்துக்கிட்டானாம். வீட்டுக்கு வந்துட்டுப் போனானாம். இப்ப அவன் கோவமெல்லாம் என் மேலயாம்."

"அவளுக்கு யார் மேல?"

"அதையும் சொன்னா. எனக்கும்தான்னு."

அடுத்த வாரம் சித்தி கோப்பு அறைக்குப் போனாள். உண்மையிலேயே ஜன்னல் இல்லை. பழைய நோயாளிகளின் கோப்புகளை வருட வாரியாக அடுக்கிக் கட்டுவது வேலை. அங்கே அக்கா என்று கூப்பிட ஆள் இல்லை. வீட்டிலும் "அடுத்து" என்ற குரல் நின்றுபோனது. சமையல் ஆனதும் என் அறை வாசலுக்கு வந்து, நான் நிமிர்ந்து பார்க்கும் வரை பேசாமல் நிற்பாள். நான் கிளம்புவதைத் தள்ளிப் போட்டேன். 

பாடத்தை அவள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. பார்க்காமல் பாக்கி வைத்திருந்த எட்டாம் வாரக் கடைசிப் பாடத்தையும், தலை வாரி நல்ல துணி உடுத்திக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் பார்த்து முடித்தாள். அதன் முடிவில் ஒரு அறிவிப்பு வந்தது. மாணவர்கள் ஒவ்வொருவரும் மற்ற மூவரின் களப்பணியைப் படித்து மதிப்பெண் போட்டு, ஒரு குறிப்பும் எழுத வேண்டும். தன் பணியை அனுப்பாதவர்களும் இதைச் செய்யலாம்.

"படி" என்றாள். படித்துக் காட்டினேன். ஒருவர் துணி வெளுக்கும் கடை வாசலைப் பற்றி எழுதியிருந்தார். இன்னொருவர் ஒரு நூலகத்தின் படிப்பறை. மூன்றாமவர் ரயில் மேடையில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண்ணைப் பற்றி. அந்தப் பெண் மூன்று ரயில்களை விட்டுவிட்டு உட்கார்ந்தே இருந்தாள் என்று நேரத்தோடு நன்றாகவே எழுதியிருந்தார்.

மூன்று பேருக்கும் முழு மதிப்பெண் போடச் சொன்னாள். முதல் இரண்டு பேருக்கும் "நன்று" என்று குறிப்பு எழுதினேன். மூன்றாமவருக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். 

"அந்த அம்மா அப்புறம் எழுந்து போனாங்களான்னு கேளு."

அப்படியே எழுதி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று தெரியாது. ஒரே வரி.

"தெரியவில்லை. என் ஒரு மணி நேரம் முடிந்ததும் நான் கிளம்பிவிட்டேன்."

சித்தி அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். படித்தேன். பதில் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். திரையை மூடிவிட்டு, மேசை மேல் இருந்த இரண்டு பேனாவையும் எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தாள்.